ஆம்பூரில் தண்ணீர் குடிக்காத ஒரு லைன்

ஆம்பூர் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லாரும் பிரியாணி வாங்கிவரச் சொன்னார்கள். நான் போனது சிறுநீர்த் தொற்றைப் பற்றிப் பேச. அதைச் சொன்னதும் பிரியாணிப் பேச்சு அடங்கிவிட்டது.

ஒரு நோய்க்கு ஒரே காரணத்தைத் தேடாமல், எது எதைத் தள்ளுகிறது, அது சுற்றி வந்து மறுபடி எதைத் தள்ளுகிறது என்று வரைந்து பார்ப்பது என் தொழில். சுகாதார ஊழியர்களுக்கு இதைப் பயிற்சியாக நடத்துகிறேன். அமைப்புச் சிந்தனை என்று கனமான பெயர் ஒன்று இதற்கு உண்டு. என் கல்லூரித் தோழி நூர்ஜஹான் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியின் மருத்துவ அறையில் நர்ஸ். பொங்கல் முடிந்த வாரம் போன் செய்தாள்.

"ஃபில்டர் வச்சாச்சு, புது டாய்லெட் கட்டியாச்சு. எரியுது, வலிக்குதுன்னு வர்ற பொண்ணுங்க மட்டும் கம்மி ஆவல. நீ வந்து பாருடி."

அந்த வார இறுதியிலேயே கிளம்பினேன். சென்ட்ரலில் காலை ஆறே காலுக்கு ஏறி ஒன்பதரைக்கு ஆம்பூரில் இறங்கினேன். நூற்றெண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். காட்பாடி வரை நிற்கக்கூட இடமில்லை. அங்கே மாணவர்களும் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் இறங்கியதும் கால் நீட்டி உட்காரலாம். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "பிரியாணியா, கம்பெனியா?" என்றார். கம்பெனி என்றேன். நூற்றிருபது கேட்டு நூற்றுக்கு வந்தார்.

கம்பெனியின் பெயரையும், அங்கே வேலைக்கு வரும் பெண்களின் ஊர்ப் பெயரையும் எழுதப்போவதில்லை. இதில் வரும் ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

நூர்ஜஹான் முன்பே அனுமதி வாங்கி வைத்திருந்தாள். ஷூவின் மேல்பகுதியைத் தைக்கும் கூடம் அது. ஒரு லைனுக்கு முப்பது பெண்கள். ஒருத்தி மடிக்க, அடுத்தவள் ஒட்ட, அதற்கடுத்தவள் தைக்க, துண்டுகள் கைமாறிப் போய்க்கொண்டே இருந்தன. புதிய கழிப்பறையைப் பார்த்தேன். எட்டு அறைகள், நல்ல வெளிச்சம், உள்பக்கம் சரியாக விழும் தாழ்ப்பாள். பகல் பன்னிரண்டு மணிக்குத் தரை முழுக்கக் காய்ந்திருந்தது. இத்தனை பெண்கள் வேலை செய்யும் இடத்தில் அது நல்ல அறிகுறி இல்லை.

சூப்பர்வைசர் மோகனிடம் கேட்டேன். "போவாதன்னு நான் யாரையும் சொன்னதே இல்ல மேடம். வேணும்னா அவங்களையே கேட்டுப் பாருங்க" என்றார். நான் நம்பவில்லை.

மருத்துவ அறையில் சுமதி உட்கார்ந்திருந்தாள். இருபத்தொன்பது வயது, மடிக்கும் மெஷினில் வேலை. சிறுநீரகம் வரை தொற்று ஏறி இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். அடுத்த முறை வந்தால் சிறுநீரகமே கெடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போதும், வேலையை விட்டுவிடு என்கிறார் கணவர். அவளுக்கு விட மனமில்லை. தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டேன். "குடிப்பேன் மேடம்" என்றாள், கண்ணைப் பார்க்காமல். மறுநாள் அவள் ஊருக்கே வருகிறேன் என்றேன். அவளுடைய லைனில் அவளோடு சேர்த்து ஐந்து பேர் அந்த ஊரிலிருந்துதான் வருகிறார்களாம்.

மதியம் பிரியாணிக் கடையில், இலையில் பிரியாணி வரும்வரை காத்திருந்த நேரத்தில், நோட்டில் படம் போட்டு நூர்ஜஹானிடம் காட்டினேன். டார்கெட், அதிலிருந்து மோகனின் கெடுபிடி, அதிலிருந்து பெண்களின் பயம், அதனால் தண்ணீர் குடிக்காமை, அதனால் தொற்று, அதனால் லீவு, லீவால் ஆள் குறைந்து மறுபடி கெடுபிடி. அழகான வட்டம். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எல்லா அம்பும் அந்த ஆள் தலைலதான் குத்துது, பாவம். கத்திரிக்காய் ஆறுது, சாப்புடு" என்றாள்.

ஞாயிறு காலை பேரணாம்பட்டு சாலையில் டவுன் பஸ் பிடித்தோம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இருபத்தைந்து நிமிடத்தில் இறங்கி, அரை கிலோமீட்டர் நடந்தால் சுமதியின் வீடு. வாசலில் சிமெண்ட் தரை, ஓரமாக லோடு ஆட்டோ. அது கணவர் செல்வத்தின் பிழைப்பு. அவள் லைனில் வேலை செய்யும் தேவி, லதா, இன்னும் இரண்டு பேர் முன்பே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். செல்வம் நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"வேலை போனா வேற வேலை பாத்துக்கலாம் மேடம். கிட்னி போனா இன்னா பண்றது?"

சுமதிதான் பேசினாள். "வீட்லயே இருந்தா நான் யார்கிட்ட பேசறது? நீ வண்டி எடுத்துனு பூடுவ. இதுங்க எல்லாம் அங்க இருக்குங்க."

பயிற்சிகளில் நான் ஒரு விளையாட்டு வைப்பேன். பழைய செய்தித்தாளில் கடைக் கவர் செய்யும் விளையாட்டு. ஐந்து பேரையும் லைனில் உட்காரும் அதே வரிசையில் தரையில் உட்காரச் சொன்னேன். தேவி கிழிக்க, சுமதி மடிக்க, லதா சோற்றுப் பசையில் ஒட்ட, மற்ற இருவர் அழுத்தி அடுக்க வேண்டும். இருபது நிமிடம். நடுவில் ஒவ்வொருவராக எழுந்து வாசலைத் தாண்டி வேப்பமரத்தைத் தொட்டுவிட்டு வரவேண்டும். வேப்பமரம்தான் கழிப்பறை.

முதல் பத்து நிமிடம் யாரும் எழுந்திருக்கவில்லை. விளையாட்டில்கூட. நான்தான் சுமதியைப் பிடித்து எழுப்பினேன். அவள் போனதும், யாரும் சொல்லாமலேயே, லதா இடது பக்கம் நகர்ந்து சுமதியின் மடிப்பையும் சேர்த்துச் செய்யத் தொடங்கினாள். ஒட்ட வேண்டியது அவள் முன்னால் குவிந்தது. சுமதி மரம் வரை ஓடி, ஓடியே திரும்பி வந்தாள்.

"ஏன்டி ஓடற? மரம் எங்கயும் போய்டாது" என்றாள் தேவி.

"இவ முன்னாடி குவியுது பாரு. அங்கன்னா மோகன் சார் நேரா இவகிட்டதான் வந்து நிப்பாரு."

லதா ஒட்டுவதை நிறுத்தவில்லை. தலையும் நிமிரவில்லை. "அதனாலதான் போவ மாட்டியா நீ?"

சுமதி அடுத்த தாளை எடுத்து மடித்தாள்.

"நான் கேட்டனாடி? உனக்கோசரம் ரெண்டு பீஸ் சேத்து ஒட்டுனா நான் தேஞ்சிடுவனா?"

"நீ மட்டும் போறியா?" என்றாள் சுமதி.

லதாவின் கை நின்றது. அவளும் போவதில்லை. போனால் தனக்கு அடுத்து உட்காருகிறவள் முன்னால் குவியும். அவளுக்கும் எரிச்சல் இருக்கிறது, மாதக்கணக்கில். மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறாள். நூர்ஜஹான் டீ கிளாசைக் கீழே வைத்தாள். அதன்பின் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஐந்து பேரில் நான்கு பேருக்கு அந்த எரிச்சல் இருந்தது. ஆஸ்பத்திரி வரை போனது சுமதி ஒருத்திதான், அவ்வளவுதான் வித்தியாசம். தினமும் ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள், ஒரே டிபன் பாக்ஸில் கைபோடுகிறவர்கள், இதை மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை.

என் வட்டத்தில் பயம் என்று எழுதிய இடத்தில் அன்பு என்று எழுதியிருக்க வேண்டும். அடக்கிவைத்தது மோகன் அல்ல. மோகன் போனாலும், எட்டு கழிப்பறையை எண்பதாக்கினாலும், இவர்கள் எழுந்திருக்கப்போவதில்லை. தண்ணீர் குடியுங்கள் என்று இன்னும் உரக்கச் சொல்வதிலும் பயன் இல்லை. வேலை கைமாறும் விதத்திலேயே அது முடிச்சுப் போட்டுக் கிடந்தது.

இரண்டாவது சுற்றில் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டுப் போய் வரட்டும் என்றேன். யாருமே செய்யாதபோது எதுவும் குவியாது. அந்தச் சுற்றில் மூன்று கவர் அதிகமாகவே வந்தது. தேவி ஒத்துக்கொள்ளவில்லை. முதல் தடவை கை பழகவில்லை, அதுதான் காரணம் என்றாள். சரியான கேள்வி. அதனால் பழையபடி ஒவ்வொருவராகப் போய் மூன்றாம் சுற்றும் ஆடினோம். எண்ணிக்கை மறுபடி இறங்கியது.

"முப்பது பேரும் ஒண்ணா எழுந்தா எட்டு ரூம் போதுமா?" என்று கேட்டது, கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த செல்வம். ஒன்றை அவிழ்த்தால் இன்னொன்று இறுகும், இதுவும் என் தொழிலில் வழக்கம்தான். நூர்ஜஹான் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். லைனுக்கு லைன் நேரத்தை மாற்றி, ஒவ்வொரு லைனுக்கும் காலையும் மாலையும் பத்து நிமிடம் கொடுத்தால் போதும். மேனேஜரிடம் தானே பேசுகிறேன் என்றாள்.

"ஒத்துக்கலைன்னா?" என்றார் செல்வம்.

"இந்த வாரம் பாப்பேன். இல்லன்னா நின்னுடறேன்" என்றாள் சுமதி. லதா செய்து முடித்த கவர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்க அங்கே வேறு ஆட்கள் இருந்தார்கள்.

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயங்கள். பிரியாணிக்குப் பதினொன்றரைக்குள் போய்விடுங்கள். இரண்டு மணிக்கு மேல் அடிப்பானைதான் கிடைக்கும். மட்டன் இருநூற்றைம்பது ரூபாய்க்கு ஒருவர் வயிறாரச் சாப்பிடலாம். காற்று திரும்பினால் தோல் வாசனை வரும். மூக்கைப் பொத்தாதீர்கள், அங்கே குடியிருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சுகாதாரப் பணிக்காகப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று: தொழிற்சாலைக்குள் கேட்டால் எல்லாரும் நன்றாக இருப்பதாகத்தான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போங்கள், ஒன்றாக உட்கார வையுங்கள். படத்தை அதற்குப் பிறகு வரையுங்கள். இன்னொன்று, பெண்களுக்கு மட்டும்: பயணத்தில் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். நானும் அன்று காலை ரயிலில் குடிக்கவில்லை.

திங்கள்கிழமை நண்பகல் ரயிலில் திரும்பினேன். வாணியம்பாடியிலிருந்தே கூட்டம், ஜன்னலோர இடம் கிடைக்கவில்லை. காட்பாடி தாண்டும்போது நூர்ஜஹான் அழைத்தாள். மேனேஜர் ஒரே ஒரு லைனுக்கு, ஒரு மாதம் பார்க்கலாம் என்றாராம். சுமதியின் லைன். பதினொரு மணிக்கு மோகனே பெல் அடித்து, பத்து நிமிடம், எல்லாரும் போய் வாருங்கள் என்றாராம்.

"போனாங்களா?"

"ஒருத்தியும் எழுந்திருக்கல. ஒருத்தி மூஞ்ச ஒருத்தி பாத்துனு அப்படியே உக்காந்திருக்குதுங்க. மோகன் என்னப் பாக்கறாரு, நான் அவரப் பாக்கறேன். அப்புறம் லதாதான் எழுந்து, சுமதியோட மெஷின் சுவிட்ச அணைச்சா. அதுக்கப்புறம் மொத்த லைனும் எழுந்துச்சு."