கடல் மீனுக்கு உப்பெதற்கு

என் வீட்டுக்காரர் உப்பு விஷயத்தில் ராட்சசர். குழம்பில் ஒரு கல் குறைந்தால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவார். ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்று போகிறபோக்கில் ஒரு பழமொழி வேறு. கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் பசியோடு வந்த நாளிலும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் அதற்காக அழுதிருக்கிறேன். பிறகு அழுகையை விட்டுவிட்டுப் பதிலுக்குத் திட்டக் கற்றுக்கொண்டேன். அந்த மனிதருக்குத்தான் நாக்கில் ருசி போயிற்று.

எல்லாம் புகையிலை செய்த வேலை. வாயில் எந்தப் பக்கம் அதக்கினாரோ அந்தப் பக்கமே புண் வந்தது. விடுங்கள் விடுங்கள் என்று நான் கத்தியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்தெடுத்து, கதிர் வைத்தியம் என்று கரண்ட் வைத்தார்கள். புண் ஆறிவிட்டது. ருசி வர நாளாகும் என்றார்கள். நாள் ஆனது, வரவில்லை. சோறு கொடுத்தால் “மண்ணு மாதிரி கீது” என்பார். கேழ்வரகுக் கூழும் மண்ணு, இளநீரும் மண்ணு. மண்ணை எத்தனை நாள்தான் ஒரு ஆள் விழுங்குவான்? வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டார். சட்டை தோளில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது.

ஒரு செக்கப்பில் டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு, “அடுத்த வாட்டியும் இப்படியே எறங்கியிருந்தா மூக்கு வழியா டியூப் போட்டுடலாம்மா” என்றார். அன்று எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்குத் திரும்பினோம். வீட்டுக்குள் வந்துதான் சொன்னார்.

“குழா போட்டா நான் இருக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.”

சொன்னால் செய்கிற ஆள். பூச்சிமருந்து டப்பாவை எடுத்துப்போய் என் தம்பி வீட்டில் வைத்தேன். கயிறு கண்ட இடத்தில் கிடந்தால் சுருட்டி ஒளித்தேன். கரும்புக்காரன் வீட்டில் கயிற்றை எங்கே என்று ஒளிப்பது?

அவருக்குத் தெரிந்த ஒரே சந்தோஷம் தூண்டில். கோமுகி அணைக்கரையில் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்தும் எழுந்திருக்க மாட்டார். அடுத்த செக்கப் நெருங்கியபோது ஒருநாள் மூங்கில் தூண்டிலை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஏமே, இந்த வாட்டி கடல்ல போட்டுப் பாக்கலாம்.”

“அங்க எதுக்குங்க?”

“டேம் மீனுக்குத்தான் நாம உப்பு போடணும். கடல் மீனு பொறந்ததுலேர்ந்து உப்புத்தண்ணியிலயே ஊறிக்கினு கெடக்குது. கறிக்குள்ளயே எறங்கியிருக்கும். அந்த உப்பு பட்டா நாக்கு முழிச்சிக்கும்மே.”

சிரிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் கடல் மீன் என்றால் சந்தையில் வாங்கும் கருவாடுதான். ஐஸில் வருவதை ‘செத்து எத்தினி நாளாச்சோ’ என்று அவர் வாசல்படி ஏற்றியதில்லை. கருவாட்டுக் குழம்புக்கு யாராவது உப்புப் போடுவார்களா? அதிலேயே கிடக்கிறது. அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

வாய்க்கால் ஓரத்தில் மண்புழு தோண்டி ஒரு பவுடர் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டார். உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறும்போது கூட்டத்தில் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார். ஆஸ்பத்திரிச் சீட்டுகள் இருந்த பையை என்னிடம் கொடுத்துவிட்டார்.

புதுச்சேரியில் ரத்தம் எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். மத்தியானம் கடலுக்குப் போனோம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாலத்தின் மேல் வரிசையாக ஆட்கள் நின்று மீன் பிடித்தார்கள். அவர்கள் கையில் மூங்கில் இல்லை. தூண்டில் நரம்பின் நுனியில் கனத்த ஈயம் கட்டித் தூர வீசினார்கள். இவருடைய தக்கையை அலை தூக்கிப் பாலத்துக் காலிலேயே அடித்தது. மறுபடி போட்டார், மறுபடி அடித்தது. தூக்கிப் பார்த்தால் முள்ளில் புழு வெளுத்துச் சுருண்டு நூலாகத் தொங்கியது. அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“புழுவுக்குக்கூட உப்பு தெரியுது பாருமே” என்றார்.

அந்தப் பாலத்திலிருந்து இரண்டு பேருமாகக் குதித்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அவ்வளவு வெறுத்துப் போயிருந்தது எனக்கு.

பக்கத்தில் நின்ற ஆள், கேட்காமலே கொஞ்சம் இறால் துண்டும் முள்ளும் ஈயமும் கட்டிய ஒரு நரம்புச் சுருளும் கொடுத்தார். “இங்க வாணாம் சார், கீழ மணல்ல நின்னு வீசுங்க. கெழங்கா கெடைக்கும்” என்றார். கிழங்கா முள் குறைவான மீன், சீக்காளிக்கு நல்லது என்றும் சொன்னார். இவரைப் பார்த்தாலே சீக்காளி என்று தெரிந்தது போலும்.

மணலில் நின்று இவர் வீசினார். கையில் வலு இல்லை. ஈயம் முதல் அலைக்குள்ளேயே விழுந்து காலடிக்குத் திரும்பி வந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, “குடுங்க இப்படி” என்று வாங்கி நான் வீசினேன். கழனியில் நாள் முழுக்கக் கரும்பு தூக்கிப் போட்ட கை, நன்றாகத்தான் போயிற்று. நரம்பை அவர் விரலில் சுற்றிக் கொடுத்தேன். வெயில் இறங்கும்வரை நின்றோம். இரண்டு தடவை இறாலை ஏதோ தின்றுவிட்டுப் போனது. கடைசித் துண்டைக் கோத்து வீசியபோதுதான் அவர் தோள் விறைத்தது. இழுத்தார், நான் கை கொடுக்கப் போனால் முழங்கையால் தள்ளினார். ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு மீன் மணலில் வந்து விழுந்தது. அவர் சிரித்தார். எத்தனையோ மாதம் கழித்துச் சிரிக்கிறார். எனக்கும் பைத்தியக்காரத்தனமாக நம்பிக்கை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கென்று அடுப்போடு வாடகைக்கு விடும் அறையில் தங்கியிருந்தோம். வெங்காயம், சீரகம், மஞ்சள், அவ்வளவுதான் போட்டேன். மிளகாய் அவர் வாய்க்கு ஆகாது. முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போன உப்புப் பாக்கெட் ஜன்னலில் இருந்தது, அதைத் தொடவில்லை. கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டுப் பார்க்கப் போனேன்.

“நீ வாயில வைக்காத. மொதல் வாய் எனுது” என்றார்.

முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து தட்டை வைத்தேன். ஒரு வாய் எடுத்து வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மென்றார். நான் தரையில் கையை ஊன்றியபடி அவர் தொண்டையையே பார்த்தேன்.

“இன்னாங்க?”

கண்ணைத் திறந்தார். ஈரமாக இருந்தது.

“தெரியுதுமே. உப்பு தெரியுது. நான் சொன்னேன் இல்ல?”

எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. கோமுகியிலிருந்து குலதெய்வம் வரைக்கும் எல்லாவற்றையும் கும்பிட்டேன். அவர் இன்னொரு வாய், இன்னொரு வாய் என்று தட்டில் இருந்ததை முடித்தார். “காலைல டாக்டரம்மாகிட்ட நீயே சொல்லிடு, ருசி வந்துடுச்சு, குழா வாணாம்னு” என்றார். சட்டியில் மிச்சமிருந்ததை எனக்குப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

போட்டுக்கொண்டு ஒரு வாய் வைத்தேன்.

உப்பே இல்லை. துளிகூட இல்லை. வெந்நீரில் வெந்த மீன். அத்தனை உப்புத் தண்ணீரில் கிடந்த மீனுக்குள் ஒரு கல் உப்பு இறங்கியிருக்கவில்லை. நாக்கு கொஞ்சம் உயிரோடு இருந்திருந்தாலும் அந்த மனிதர் தட்டை நகர்த்தியிருப்பார். கடல் மீன் என்றால் உப்பு இருக்கும் என்று நம்பினார், அந்த நம்பிக்கையை வைத்தே தெரிகிறது என்று சொல்லிவிட்டார்.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா, செரியா கீதா?”

வாயில் இருந்ததை விழுங்கினேன்.

“ஒரு கல்லு ஜாஸ்திங்க” என்றேன்.

“கடல் மீனாச்சே, அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்தார்.