தனிஷா அடுக்கினால் அது தப்பா?

போன வியாழக்கிழமை, கையெழுத்துக்குக் காத்திருந்த ஒரு பாரத்தைக் கிழித்தேன்.

இரண்டாக அல்ல. நான்காக, எட்டாக, அப்புறம் எண்ண முடியாத அளவுக்கு. பள்ளி ஆபீசில் குப்பைக்கூடை பக்கத்தில் நின்று நான் கிழித்த வேகத்தைப் பார்த்து கிளார்க் பயந்துவிட்டார். "டீச்சர், ஓக்கேயா?" என்று கேட்டார். ஓக்கேதான்! மயிரிழையில் தப்பித்தவள் வேறு எப்படி இருப்பாள்?

கதை இரண்டு வாரத்துக்கு முன்னால் ஆரம்பிக்கிறது.

சிங்கப்பூர் எல்லையிலிருந்து கொஞ்ச தூரத்தில், உலு திராம் ஊர்ப்பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவள் நான் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். எனக்கு லாமினேட் பைத்தியம் உண்டு என்பதும் தெரியும். கல்யாணப் பத்திரிகையைக்கூட லாமினேட் செய்துவிடுவேன் என்று என் கணவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். ஒரே ஒரு தடவைதான் செய்தேன்...

ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஆறு படங்கள் அனுப்பினார்கள். ஒரு சிறுமியின் ஒரு நாள். எழுகிறாள். அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். வாசலில் அம்மாவும் அவளும் டாட்டா காட்டிக்கொள்கிறார்கள். வகுப்பில் இருக்கிறாள். பந்து விளையாடுகிறாள். தூங்குகிறாள். அவ்வளவுதான். கலைந்து கிடக்கும் படங்களைப் பிள்ளைகள் வரிசையாக அடுக்கவேண்டும், பிறகு அதை வாயால் சொல்லவேண்டும். எது முதலில், எது அடுத்து என்று தெரிந்தால்தான் கதை சொல்ல வரும், வாக்கியம் எழுத வரும், கணக்கும் வரும்.

விடுவேனா? கலர் பிரிண்ட் எடுத்து, லாமினேட் செய்து, கையைக் குத்தாமல் இருக்க முனைகளை வளைவாக வெட்டி, பின்பக்கம் ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டேன். வகுப்பில் இருபத்தாறு பேர். இருபத்தைந்து பேர் இரண்டே நிமிஷத்தில் அடுக்கிவிட்டார்கள்.

தனிஷா மட்டும் இப்படி வைத்தாள்: முதலில் டாட்டா. அடுத்து தூக்கம். அப்புறம் எழுவது, வகுப்பு, விளையாட்டு. கடைசியில் சாப்பாடு.

"என்னம்மா இது... டாட்டா காட்டிட்டுத் தூங்கப் போறியா?" என்று சிரித்தபடி நானே மாற்றி வைத்தேன். "இப்படித்தான் வரணும், சரியா?"

தலையை ஆட்டினாள்.

நாலு நாள் கழித்து மறுபடியும் கொடுத்தேன். அதே டாட்டா, அதே தூக்கம். மாற்றி வைத்தேன். தலையை ஆட்டினாள். அடுத்த வாரம் மூன்றாவது தடவை. ஓர் அட்டைகூட இடம் மாறவில்லை!

எனக்குக் கவலை வந்துவிட்டது. வகுப்பில் பத்து மணிக்கெல்லாம் மேசையில் தலை வைத்துத் தூங்கிவிடுகிற பிள்ளை அவள். கேள்வி கேட்டால் பதில் வர நேரமாகும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து நானே ஒரு முடிவுக்கு வந்தேன். பிள்ளைக்குக் கற்றலில் பிரச்சினை இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் பார்க்கச் சொல்லும் பாரம் ஒன்று உண்டு. அதை எடுத்து, 'நிகழ்வுகளை வரிசைப்படுத்தத் தெரியவில்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். இனி இரண்டு கையெழுத்துதான் பாக்கி. ஒன்று தலைமையாசிரியர், இன்னொன்று அம்மா.

தலைமையாசிரியர் மூன்று நாள் பயிற்சிக்காகப் பத்து பகாட் ஊருக்குப் போயிருந்தார். அம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். லீவு போட்டுவிட்டு வியாழக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார்.

பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பாரத்தைப் பார்த்தார். கையில் எடுக்கவில்லை.

"என் பிள்ள மக்குன்னு சொல்றீங்களா டீச்சர்?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா. ஒரு செக்அப் தான்..."

"செக்அப் பண்ணிட்டு வேற கிளாஸ்ல போட்டுருவீங்களா? கூட்டாளிங்கள விட்டுட்டு இருக்க மாட்டா டீச்சர்." குரல் உடைந்துவிட்டது. "நான் கூட இருந்து சொல்லிக் குடுக்காததுனாலயா?"

நான் சட்டென்று அட்டைகளை எடுத்தேன். தனிஷா அடுக்குகிற மாதிரியே மேசையில் அடுக்கிக் காட்டினேன். என்னிடம் ஆதாரம் இருக்கிறது என்று காட்டவேண்டுமே!

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். முதல் அட்டையில் விரலை வைத்தார். அடுத்ததில் வைத்தார். விரல் கடைசி வரைக்கும் போயிற்று.

"சரியாத்தானே வச்சிருக்கா டீச்சர்?"

"எப்படிம்மா சரி? டாட்டா காட்டிட்டா தூங்குவாங்க?"

"இவ அப்படித்தான் லா. நானும் இவ அப்பாவும் விடியக்கால நாலு மணிக்கெல்லாம் மோட்டர்சைக்கிள்ல கிளம்பிருவோம் டீச்சர். லேட்டா போனா சிங்கப்பூர்ப் பாலத்துல ஜேம்ல மாட்டிக்குவோம். இவ எந்திரிச்சு வந்து வாசக் கேட்டுக்குப் பக்கத்துல நின்னு டாட்டா காட்டுவா. படுத்துக்கம்மான்னா கேக்கவே மாட்டா. நாங்க முக்கு திரும்புனதும் உள்ள போய்ப் படுத்துக்குவா. ஆறு மணிக்கு எங்க நாத்தனார் எழுப்பி ஸ்கூலுக்கு அனுப்பும்."

விரல் கடைசி அட்டையில் நின்றது.

"நான் வீடு வந்து சேர ராத்திரி எட்டாயிரும். யார் ஊட்டுனாலும் சாப்பிட மாட்டா. என் கூடத்தான் சாப்பிடுவா. அதான் இதக் கடைசில வச்சிருக்கா."

நான் டாட்டா அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

வாசலில் இரண்டு பேர் கை ஆட்டும் படம் அது. யார் கிளம்புகிறார், யார் வீட்டில் இருக்கிறார்? படத்தில் எங்கும் எழுதவில்லை. பிள்ளை பள்ளிக்குக் கிளம்புகிறாள் என்பது நானாக முடிவு செய்தது. அம்மா வேலைக்குக் கிளம்புகிறார் என்பது அவள் தினமும் பார்ப்பது. வரிசை தெரியாத பிள்ளையா இது? பெரியவர்களுக்கே தலை சுற்றும் ஒரு நாளை ஒரு பிசகும் இல்லாமல் மூன்று தடவை அடுக்கியிருக்கிறாள். வகுப்பில் தூங்கியது? நாலு மணிக்கு எழுந்தால் நான் மீட்டிங்கில் குறட்டையே விடுவேன்.

"அப்ப செக்அப் வேணாமா டீச்சர்?"

"வேணாம்மா. பிள்ள நல்லா இருக்கா. நான்தான் அவசரப்பட்டுட்டேன், மன்னிச்சிருங்க."

அழுதார், சிரித்தார், மறுபடியும் அழுதார். "அலமாக், அம்மாடி... ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல டீச்சர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இருக்கிற லீவை வீணாக்காமல் மத்தியானம் பிள்ளையைத் தானே வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் நேராக ஆபீசுக்குப் போய்ப் பாரத்தைக் கிழித்தேன். தலைமையாசிரியர் மட்டும் ஊரில் இருந்திருந்தால் அது புதன்கிழமையே கையெழுத்தாகி உறைக்குள் போயிருக்கும். வெள்ளிக்கிழமை வந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் பயிற்சிக்குப் போனா போதும், நேரம் விரயம்னு திட்டுவீங்களே... இப்ப?" என்றார். வாங்கிக்கட்டிக்கொண்டேன். எவ்வளவு சந்தோஷமாக வாங்கிக்கட்டிக்கொண்டேன் தெரியுமா!

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதனால் சரியான உதவி கிடைத்துத் தலையெடுத்த பிள்ளைகள் என் கண் முன்னால் இருக்கிறார்கள். கோபமெல்லாம் என் மேல்தான். இரண்டு வாரத்தில் மூன்று தடவை அட்டைகளை மாற்றி வைத்தவள், ஒரு தடவைகூட "ஏன்மா இப்படி வச்ச?" என்று கேட்கவில்லையே!

வெள்ளிக்கிழமை லாமினேட் மெஷினுக்கு லீவு கொடுத்தேன். பழைய காலண்டர் தாள்களை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, வெறும் பின்பக்கத்தில் வரையப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். உங்கள் நாளை நீங்களே வரையுங்கள், எத்தனை அட்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு கயிறு, ஒரு கூடை நிறையத் துணி கிளிப். வரைந்ததை வரிசையாக மாட்டவேண்டும், மாட்டியதைக் கதையாகச் சொல்லவேண்டும். ஆசிரியத் தோழிகளே, செலவே இல்லாத பாடம் இது. கிளிப்பை அமுக்கி அமுக்கி பென்சில் பிடிக்கிற விரலுக்கும் பயிற்சி ஆகிவிடுகிறது. வீட்டில் செய்ய நினைக்கும் பெற்றோருக்குக் கயிறுகூட வேண்டாம், ஃப்ரிட்ஜ் கதவு போதும்.

என்னென்ன வந்தன என்கிறீர்கள்! ஒருவனுக்குக் காலைச் சாப்பாடு காருக்குள், மைலோ பாக்கெட்டோடு. மூன்று பேர் சிவப்பு விளக்குகளாக வரைந்து தள்ளியிருந்தார்கள் — ஜேம்! ஒருத்தி அவள் மாமாவின் முடிவெட்டும் கடையில் வீட்டுப்பாடம் செய்கிறாள், சுழல் நாற்காலியில் உட்கார்ந்து. தனிஷா ஏழு அட்டை கேட்டாள். அவள் நாளில் தூக்கமே இரண்டு.

நான் எண் போட்டு வைத்திருந்தேனே, அந்தச் 'சரியான' நாள்... அது இருபத்தாறு பேரில் எத்தனை பேருடைய நாள் தெரியுமா? நாலு பேர்!

அப்படியானால் மற்றவர்கள் எப்படி இரண்டு நிமிஷத்தில் சரியாக அடுக்கினார்கள்? டீச்சர் என்ன எதிர்பார்ப்பார் என்று பார்த்து அடுக்கியிருக்கிறார்கள். பள்ளியில் சேர்ந்து சில மாதம்தான், அதற்குள் அந்தச் சாமர்த்தியம் வந்துவிட்டது. தனிஷா மட்டும்தான் படத்தில் தன் நாளைப் பார்த்து அடுக்கியிருக்கிறாள். நான் பாரம் எழுதியது அவளுக்கு!

மணி அடிக்கும் முன்பு அவள் பக்கத்தில் போய்க் குனிந்தேன். ஏழாவது அட்டையைக் கயிற்றில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"தனிஷா, டீச்சர்தான் தப்பு பண்ணிட்டேன்மா. நான் மாத்தி வச்சப்ப, 'அப்படி இல்ல டீச்சர்'னு சொல்லியிருக்கலாம்ல?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கிளிப்பைச் சரியாக அமுக்கிவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னாள்:

"நீங்க வச்சதும் தப்பில்ல டீச்சர். அது எங்க வீட்ல ஞாயித்துக்கிழம. ஸ்கூலும் டாட்டாவும் மட்டும் இருக்காது."