முதற் பூ மாதாவுக்கு

செபமாலைமுத்துவைப் போல ஒரு பிடிவாதக்காரரை லண்டன் மெற்றோபொலிற்றன் ரயில் லைன் முழுக்கத் தேடினாலும் பிடிக்க முடியாது. ஹரோ ஸ்டேஷனில் டிக்கெட் பார்ப்பது அவர் வேலை. அங்கே எல்லோரும் அவர் பேரை 'செப்' என்று தறித்து வைத்திருந்தார்கள். பதினொரு வருஷத்தில் ஒரு வெள்ளைக்காரர்கூட முழுப் பேரைச் சொன்னதில்லை. வெளியில் காட்டிக்கொள்ளாவிட்டாலும் அது அவருக்குப் பெரிய குறை.

1988இல் பக்கத்துத் தெரு மிஸிஸ் பெட்டிஃபர் அவரைத் தோட்டக் கழகத்தில் சேர்த்துவிட்டார். அங்கே ஒவ்வொரு செடிக்கும் ஒரு பேர், பேருக்குப் பின்னால் ஒரு கதை. கழகத்தில் யாரிடமும் இல்லாத செடியைக் கொண்டுவருபவர் அதற்குப் பேர் வைக்கலாம். இந்த ரோஜா ஒரு பாதிரியாருடைய சமையற்காரியின் பேரில். அந்தப் பட்டாணிப் பூ, அதைத் தண்டவாள ஓரம் கண்டெடுத்த ரயில் போர்ட்டரின் பேரில். போர்ட்டருக்கே செடி உண்டென்றால் டிக்கெட் பார்ப்பவருக்கு என்ன குறைச்சல்? தன் முழுப் பேரையும் ஒரு செடியில் ஏற்றாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

அதற்கு அவர் பிடித்தது நீலப் பொப்பிப் பூச்செடியை. இமயமலைக் குளிரில் பிறந்த செடி அது. ஸ்கொட்லாந்தில் சிரிக்கும், லண்டன் வெயிலில் சுருண்டுவிடும். "இங்கே அது வராது, செப்" என்று சொன்ன மிஸிஸ் பெட்டிஃபரே விதையையும் கொடுத்தார்.

மூன்று வருஷம் அவர் பட்டது நாய் படாத பாடு. தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தில் அடியில் வெள்ளையாகப் படியும் குழாய்த் தண்ணீர் அதற்கு ஆகாது என்று அறிந்து, மழைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்தார். வடக்குச் சுவரோரம் களிமண்ணைத் தோண்டி எறிந்துவிட்டு இலை மக்கை நிரப்பினார். வெயில் ஏறினால் குடை பிடித்தார், தனக்கல்ல, செடிக்கு.

"எனக்கு ஒரு நாளாவது குடை பிடிச்சிருப்பீங்களோ?" என்று கேட்டாள் மனைவி பெர்னடெற்.

முளைத்த நாற்பதில் ஒன்றே ஒன்று தப்பி, 1992 மே மாதம் மொட்டு விட்டது. ஞாயிற்றுக்கிழமை பூப் பார்க்க வரும்படி மிஸிஸ் பெட்டிஃபருக்கு அழைப்பும் போய்விட்டது. வியாழக்கிழமை அவர் வேலை முடிந்து வந்து பார்த்தால் மொட்டுமில்லை, தண்டுமில்லை. இலைகள் மட்டும் நிலத்தோடு கிடந்தன.

மே, மாதாவின் மாதம். ஹரோவின் யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் வீடு வீடாகக் கொண்டுபோகும் மாதா சுரூபம் அன்று காலைதான் இவர்கள் வீட்டுக்கு வந்திருந்தது. முதற் காயும் முதற் பூவும் மாதாவுக்கு என்பது பெர்னடெற் வளர்ந்த வழக்கம். அதுவும் மாதாவுக்கே உரிய நீலம். கத்தரிக்கோலை எடுத்தவள் இரண்டாம் தரம் யோசிக்கவில்லை.

"உங்கட செடி நல்லா வரோணுமெண்டுதான் வைச்சனான்."

"செடியே முடிஞ்சுது. இனி எங்கை வாறது?"

அதோடு அவர் பேச்சை நிறுத்திவிட்டார். ஆனாலும் மாலையில் செபமாலை சொல்ல முழந்தாளிடத்தானே வேண்டும். கண்ணுக்கு நேரே, மாதாவின் காலடியில், கிளாசுக்குள், அவருடைய பூ விரிந்திருந்தது. இதழோரம் ஊதா ஓடிய நீலம். கழகத்தில் யாரிடமும் இல்லாத நிறம். ஒவ்வொரு மணியை உருட்டும்போதும் அவருக்குக் கோபம் ஏறியது. பாவம், மாதா என்ன செய்வார்.

ஞாயிறு வந்த மிஸிஸ் பெட்டிஃபர் வெட்டிய இடத்தைக் குனிந்து பார்த்தார்.

"முதல் தடவையே பூக்க விட்டால் இது விதை போட்டுவிட்டு அநேகமாகச் செத்துப்போகும். தண்டை வெட்டினால்தான் அடியில் பக்கக் கன்று வரும். தெரிந்தவர்கள் செய்கிற வேலை இது. நீங்களா வெட்டினீர்கள்?"

செபமாலைமுத்து நெஞ்சை நிமிர்த்தினார். "நான்தான்."

தேத்தண்ணி கொண்டுவந்த பெர்னடெற்றின் காதில் அது விழுந்தது. அவள் சீனிக் கிண்ணத்தை நீட்டினாள்.

மறுவருஷம் நாலு கன்று, ஏழு பூ. 1994 வசந்தத்தில் அவர் ஒரு கன்றைப் பிரித்துக் கழகத்துக்குக் கொண்டுபோனார். நிறத்தைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள். செயலாளர் அட்டையும் பேனாவுமாக நிமிர்ந்தார். "பேர் என்ன? கதை என்ன?"

ஆறு வருஷம் காத்திருந்த கேள்வி. தன் பேரைச் சொல்ல வாயெடுத்தார். மண்டபத்தின் மறு கோடியில் பெர்னடெற் தான் பொரித்த றோல்ஸைப் பரிமாறிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. முறைத்திருந்தாலாவது சமாளித்திருப்பார். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பெர்னடெற்" என்றார். "வெட்டியது என் மனைவி, மாதாவுக்கு வைக்க. நான் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். பிறகு, வெட்டியது நான் என்று மிஸிஸ் பெட்டிஃபரிடம் பொய்யும் சொன்னேன்."

மண்டபம் சிரித்தது. முதலில் கை தட்டியவர் மிஸிஸ் பெட்டிஃபர்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பெர்னடெற் கேட்டாள். "அந்தப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்திலை சொன்னனீங்களோ?"

"ரெண்டு வருஷமாச் சொல்லிக்கொண்டுதான் இருந்தனான்."

"சாமியார் மன்னிக்கேல்லையோ?"

"மன்னிச்சவர். போய் உன்ரை மனுசிக்கு முன்னாலை சொல்லு எண்டும் சொன்னவர். அதுதான் ஏலாமல் கிடந்தது."

பெர்னடெற் கைப்பையைத் திறந்து, அவருக்கென்று ஒளித்து வைத்திருந்த இரண்டு றோல்ஸை எடுத்து நீட்டினாள்.