வேலியில் கட்டிய தும்புத்தடி

மிச்சம் என்ற இந்த வெளிநாட்டு ஊரில், எங்கள் வீட்டுப் பின்வளவில், மரவேலியின் உச்சியில், ஒரு தும்புத்தடி, நீளக் கைப்பிடி வைத்த விளக்குமாறு, தலைகீழாகக் கட்டப்பட்டிருக்கிறது. சிவப்பு மின்கம்பியால் நாலைந்து முறுக்கு. கட்டியவர் மச்சாள், என் அண்ணையின் மனைவி. நான் அதை எடுத்து முற்றம் கூட்டிவிடக்கூடாது என்பதற்காகவே ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டினார். "இனி எட்டிப் பாரும்!" என்று சொல்லிக்கொண்டு இறங்கியவரின் சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது.

அந்த வளவுக்கு வெயில் வராது. பக்கத்து வீட்டுப் பெரிய மரம் முழுவதையும் மூடி நிற்கிறது. மச்சாள் வைத்த ரோசா வெளிறிச் செத்தது. மல்லிகை ஒரு குளிரோடு போனது. செப்டெம்பரில் மாதா திருநாளுக்குச் சொந்த வளவுப் பூ வைக்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அவர் பிறந்த மன்னாரில் அப்படித்தானாம். கடைப்பூவைக் கையாலும் தொடமாட்டார். மாதா கோயில் தோட்டத்தைப் பார்க்கும் வெள்ளைக்காரக் கிழவி ஒருநாள் மண்ணோடு ஒரு கட்டி வேரைக் கொடுத்தார். காட்டு ஆஸ்டர். அமெரிக்கக் காடுகளில் பெரிய மரங்களுக்குக் கீழே தானாக முளைப்பது, நிழல்தான் அதற்கு வேண்டும் என்றாராம். அந்த வருடமே கறுத்த மெல்லிய தண்டுகளில் இதயம் போன்ற இலைகள் விட்டு, செப்டெம்பர் தொடக்கத்தில் வெள்ளை வெள்ளையாய்ச் சின்னப் பூக்கள் வந்தன. இருட்டுக்குள் யாரோ அரிசி எறிந்துவிட்டது போல இருந்தது.

தொல்லை சருகால் வந்தது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். செடியைப் பற்றி என்ன தெரியும்? விடிந்ததும் முற்றம் கூட்டவேண்டும் என்பது தெரியும். எங்கள் ஊர்ப்பக்கத்தில் பிரேதம் கிடக்கும் வீட்டில்தான் கூட்டாமல் விடுவார்கள். சருகு மூடிய முற்றத்தைப் பார்த்துவிட்டுப் போனால் வேலைக்குப் போகிற பஸ்சிலும் அதே நினைப்பாக இருக்கும். மச்சாளிடம் சொன்னேன்.

"மரத்துக்குக் கீழ பிறந்த செடியெல்லே அது. சருகுதான் அதுக்குப் போர்வையும் சாப்பாடும். போர்வையை இழுத்தால் விறைச்சுச் சாகாதே?" என்றார். பிறகு, "ஒரு இலை விழுந்தாலும் உமக்கு நித்திரை வராது. இலையுதிர்காலத்தில எப்பிடி உயிரோட இருக்கிறீர்?" என்றார். அதற்குப் பிறகுதான் தும்புத்தடி வேலிக்கு ஏறியது.

போன மார்கழியில் மச்சாள் காலமாகிவிட்டார். மாரிக்குளிர் முழுவதும் நான் யன்னலால் அந்தச் சருகையே பார்த்துக்கொண்டிருந்தேன். செடி மண்ணோடு மறைந்துவிட்டது. குளிரில் மறைந்து பிறகு வரும் செடிதான் என்று தெரிந்தும் மனம் கேட்கவில்லை. தண்ணீர் கூடிவிட்டதோ, ஓடில்லாத நத்தை தின்றுவிட்டதோ, வளர்த்தவர் இல்லாமல் வராதோ? பாஸ்கு என்ற ஈஸ்டர் பெருநாளுக்கு முந்தின சனிக்கிழமை அண்ணை வளவுக்குள் இறங்கினார்.

"பெருநாளுக்குச் சனம் வருது பிள்ளை. இதென்ன குப்பை? கூட்டி அள்ளிப்போட்டு, பிறகு சீமெந்து போட்டுவிடுவம். அது செத்துப்போச்சு."

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை." நான் குந்தியிருந்து ஈரச் சருகை விரலால் விலக்கினேன். செம்மை பிடித்த இரண்டு கூர். "முளை கிடக்கு."

"அது களை."

களையாகவும் இருக்கலாம். அந்த அளவில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. சருகை அப்படியே மூடிவிட்டேன். அண்ணை வேலிக்குப் போய்க் கையை உயர்த்தி மின்கம்பியைப் பிடித்தார். ஒரு முறுக்கைக் கழற்றினார். அடுத்த முறுக்கில் விரல் நின்றுவிட்டது. மச்சாள் எதைக் கட்டினாலும் நுனியை உள்ளே மடித்துச் செருகிவிடுவார், ஒருவருக்கும் கீறக்கூடாது என்று. அந்த மடிப்பை அண்ணை நெடுநேரம் தடவிக்கொண்டு நின்றார். பிறகு கழற்றிய முறுக்கைத் திரும்பவும் சுற்றினார்.

"காத்துக்கு விழுந்திடும்," என்றார் என்னைப் பாராமல். "இறுக்கிவிடுறன்."

சனம் சருகுக்கு மேலால் நடந்து வந்து சாப்பிட்டுப் போனது. அந்தக் கூர்கள் இப்போது இலை விடுகின்றன. இதயம் போலவும் தெரிகிறது, அப்படி இல்லாததுபோலவும் தெரிகிறது. செப்டெம்பர் வரை எப்படிப் பொறுப்பேனோ தெரியாது. விடிந்ததும் கை விளக்குமாற்றைத் தேடும். யன்னலைத் திறந்து முதலில் வேலி உச்சியைப் பார்ப்பேன். தும்புத்தடி அங்கேதான் இருக்கும்.