கல்லுக்குள் ஒரு சிறகு

நான் மலேசியாவின் ஈப்போ நகரில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டம் கைமாறியபோது, அங்கிருந்த முனியாண்டி சாமியை யார் வீட்டருகே கொண்டுபோவது என்று தம்பியோடு சண்டை. பேச்சு நின்றது. என் வாயால்தான் பிரிந்தோம் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

ஒருநாள் ஏறிய ஆராய்ச்சிக்காரப் பெண், மடியிலிருந்த கல்லைக் காட்டினார். அதில் பழங்கால வண்ணத்துப்பூச்சியின் சிறகு பதிந்திருந்தது.

“சிறகு நரம்ப வெச்சு எந்தக் குடும்பம்னு கண்டுபிடிச்சாச்சு அண்ணே. கல்லோட வயசும் தெரியும்.”

“அந்தக் குடும்பம் அப்பத்தான் மத்த பூச்சிங்கள விட்டுப் பிரிஞ்சிச்சா?”

“இல்ல லா. இந்தக் கல்லுலயே தனிக் குடும்பமா இருக்கே, அதுக்கு முன்னமே பிரிஞ்சிருக்கணும்.”

அவர் இறங்கியதும் தம்பியை அழைத்தேன். “சண்டைக்கு முன்னமே நாம விலகிட்டமாடா?”

“என்னைப் படிக்க வைக்க நீங்க பள்ளிய விட்டீங்களே, அப்பவே அண்ணே. உங்க மூஞ்சியப் பாக்கவே கூச்சமா இருந்துச்சு.”

சண்டையை நினைத்து இப்போது பயமில்லை. பள்ளியை விட்ட அந்தப் பழைய நாளுக்குத்தான் மனம் திரும்பத் திரும்பப் போகிறது.