ஏழு காசில் ஒரு கோடு

கும்மிடிப்பூண்டி ஆலையில், தகடு அடித்து அடித்து விரிசல் விட்ட அச்சைக் கழற்றும்போது எழும் சூடான எண்ணெய் வாடையில், மேம்பாலத்துக்காக இடித்த எங்கள் புதுவாயல் காயலாங்கடையும், அங்கே மத்தியானந்தோறும் நைனா பவுடர் டப்பாவைக் கவிழ்த்து, துணியால் துடைத்துத் துடைத்து வரிசையாகப் பரப்பும் ஏழு ரோமானியச் செப்புக் காசுகளும் எனக்குத் திரும்பி வந்துவிடும்.

ஏழிலும் அதே ராஜா தலைதானே என்று, ஒரு நாள் ஒன்றை ஐஸ் வண்டிக்காரரிடம் கொடுத்துச் சேமியா ஐஸ் தின்றுவிட்டேன்.

டப்பாவைக் கவிழ்த்ததுமே நைனா கேட்டார்: "கோடு கண்ணு வரைக்கும் வந்த காசு எங்கேம்மா?"

"இன்னா கோடு நைனா?"

அவர் மிச்ச ஆறையும் வரிசையாக வைத்தார். காசடித்த அச்சு விரிசல் விட விட, ராஜாவின் முகத்தில் ஒரு கோடு காசுக்குக் காசு மேலே ஏறிக்கொண்டிருந்தது. மூக்கிலிருந்து நெற்றிக்கு மட்டும் ஒரே தாவாகத் தாவியது.

நடுவிலிருந்த கண்ணைத்தான் நான் தின்றிருந்தேன்.