மேனேஜராக ஒரு ரைட்டரம்மா

எங்கள் கிளப்புக்கு அடுத்த மேனேஜர் நான்தான் என்று ஊரே நினைத்துக்கொண்டிருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நாற்பத்தொரு வயது. இருபது வருடமாக அந்த டீமின் கோல்கீப்பர். ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற முக்கில் மிளகு, காப்பித்தூள், தைலம் விற்கிற கடை வைத்திருக்கிறேன். கல்லாவில் உட்கார்ந்தபடியே போனில் ஓடும் ஆட்டத்தைப் பார்த்து, பெரிய பெரிய மேனேஜர்கள் செய்கிற தப்பையெல்லாம் கடைக்கு வருகிறவர்களிடம் விளக்குவேன். மிளகு வாங்க வந்த பாவத்துக்கு அவர்களும் கேட்டுக்கொள்வார்கள். என்னை விட்டால் வேறு யார் என்று எனக்கு ஒரு நினைப்பு.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்துவந்த பி.டி. மாஸ்டர், சேலத்தில் நடக்கும் லீக்கில் இன்னும் மூன்று ஆட்டம் பாக்கி இருக்கும்போது, மகளோடு இருக்கப் பெங்களூருக்குக் கிளம்பிவிட்டார். புது மேனேஜரைத் தேர்ந்தெடுக்க ஜீப் ஸ்டாண்டு டீக்கடையில் கூடினோம். டீமில் பாதிக்கு மேல் கொட்டச்சேடு பக்கத்து எஸ்டேட் ஒன்றில் வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு லீவு கிடைக்காமல் எட்டுப் பேரோடு ஆடிய கதையெல்லாம் எங்களுக்கு உண்டு. அந்த எஸ்டேட்டில் தினமும் காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்புவதும், ஆஜர் போடுவதும், லீவு எழுதுவதும் ரைட்டரின் பொறுப்பு. ரைட்டர் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். எல்லோருக்கும் அவர் ரைட்டரம்மா.

“ரைட்டரம்மாவையே மேனேஜரா போட்டுட்டா லீவுப் பிரச்சினையே வராதுங்களே” என்றார், எங்கள் டீமில் லெஃப்ட் பேக் ஆடும் ஜீப் டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு மற்றவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினார்கள். பந்தைக் காலால் தொட்டே அறியாத ஒருவரை ஒரு கால்பந்து கிளப் இப்படித்தான் மேனேஜர் ஆக்கியது.

இது சிரித்துவிட்டுப் போகிற காரியமும் அல்ல. நாங்கள் ஆடும் மைதானம் அந்த எஸ்டேட்டின் நிலம். சுற்றிலும் காப்பிச் செடி, ஓரத்தில் வரிசையாக சில்வர் ஓக் மரங்கள். மலைமேல் அவ்வளவு பெரிய சமதரை எங்களுக்கு வேறெங்கும் கிடைக்காது. எஸ்டேட் முதலாளி பக்கத்திலேயே ஒரு தங்கும் விடுதி கட்டியிருந்தார். சனி ஞாயிறு வருகிற கார்களை நிறுத்த அவருக்கு இடம் வேண்டும். “மேல் பிரிவுல ஆடற வரைக்கும் கிரவுண்டு உங்குளுது. கீழ எறங்கிட்டீங்கன்னா எனக்குக் குடுத்துருங்க” என்று சொல்லியிருந்தார். நாங்கள் பட்டியலில் கடைசிக்கு முந்தின இடத்தில் இருந்தோம். கடைசி இடத்துக்கு வருகிற டீம் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும்.

முதல் நாள் பயிற்சிக்கு ரைட்டரம்மா ஸ்வெட்டரும் குடையுமாக வந்து ஒரு மூலையில் நின்றார். அரை மணி நேரம் வேடிக்கை பார்த்தார். பந்து இந்தப் பக்கம் போனால் அவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சரிதான், பந்து எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்று எனக்குள் ஒரு சந்தோஷம்.

பிறகு ஜீப் டிரைவரைக் கூப்பிட்டார். “ஏனுங்ணா, நேரா ஓடறப்ப ஒண்ணுமில்லீங்க. நின்னு திரும்பறப்ப மட்டும் எடது முட்டி வலிக்குதுங்களா?”

டிரைவர் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டார். மலைப்பாதையில் கிளட்சை மிதித்து மிதித்து அந்த முட்டி போய் இரண்டு மாதம் ஆகிறதாம். “ஊட்ல சம்சாரத்துக்குக்கூடத் தெரியாதுங்களே” என்றார்.

“பன்னெண்டு வருசமா ஆள் பிரிக்கறேனுங்க” என்றார் ரைட்டரம்மா. “யாரைச் சரிவுக்கு அனுப்பறது, யாரை மட்டத்துல விடறதுன்னு நடையைப் பாத்துத்தானுங்க முடிவு பண்ணோணும். முடியலைன்னு யாரும் வாயால சொல்ல மாட்டாங்க.”

அந்த வாரம் முழுக்க இப்படியே நடந்தது. ஒருவருக்குச் சரியாகத் தூக்கமில்லை என்றார். இன்னொருவர் ஷூ காலைக் கடிப்பதை மறைக்கிறார் என்றார். சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. இருபது வருடமாக இவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். எனக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. ஒரு மனுஷி இவ்வளவு பார்க்க முடியுமா என்று வியந்துபோனேன்.

ஐந்தாம் நாள் என் முறை வந்தது. “பாய், பந்தைப் புடிக்க வலது பக்கம் உழுகறதுக்கு முன்னால ஒரு நொடி யோசிக்கறீங்க. தோள்பட்டைங்களா?”

எல்லோர் முன்னாலும் கேட்டார். தோள்பட்டைதான். இரண்டு வருடமாக யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குத்திக்காட்டவெல்லாம் இல்லை. எனக்கு முன்னால் நிற்கும் ஸ்டாப்பரைக் கூப்பிட்டு, பந்து உள்ளே வந்தால் பாயின் வலது பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள் என்று மட்டும் சொன்னார். அதுதான் சரியான வைத்தியம். மற்றவர்களைக் கண்டுபிடித்தபோது வியந்த எனக்கு, என்னைக் கண்டுபிடித்ததும் கோபம் வந்தது. நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

அவர் பொறுப்பேற்றபின் முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். அடுத்ததில் தோற்றோம். இரண்டிலும் கடைசி நிமிடங்களில் ஒருவரை மாற்றினார், அவ்வளவுதான். மூன்றாவது ஆட்டத்தில் டிரா செய்தால்கூடப் போதும், மேல் பிரிவில் தங்கிவிடலாம், மைதானமும் தங்கிவிடும்.

அதற்கு இரண்டு நாள் முன்பு ரைட்டரம்மா என் கடைக்கு வந்தார். ஆட்டத்தில் எது புரியாவிட்டாலும் நேரே என்னிடம் வந்து கேட்பது அவர் வழக்கம். “பாய், ஒரு சந்தேகமுங்க. களைச்சுப்போனவங்களைக் கொஞ்ச நேரம் ஒக்கார வெச்சுட்டு, அப்புறம் திருப்பி எறக்கலாமுங்களா?”

எங்கள் மைதானத்தில் அப்படித்தான் ஆடுவோம். மூச்சு வாங்கினால் சில்வர் ஓக் அடியில் போய் உட்கார்ந்து கடுங்காப்பி குடித்துவிட்டு மறுபடி இறங்குவோம். அவர் பார்த்ததெல்லாம் அந்த ஆட்டம்தான். லீக்கில் அது கிடையாது. மூன்று பேரை மாற்றலாம். வெளியே போனவர் போனவர்தான், திரும்ப இறங்கக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

“இதெல்லாம் மேனேஜருதானுங்க தெரிஞ்சு வெச்சுக்கோணும்” என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் மிளகை எடை போட்டேன். “செரிங்க பாய்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவ்வளவு சின்ன விஷயத்தைக்கூடக் கேட்கிறோமே என்று கூச்சப்பட்டு, வேறு யாரிடமும் அவர் கேட்கவில்லை என்று பின்னால் தெரிந்தது.

ஆட்டம் சேலத்தில், மதியம் மூன்று மணி வெயிலில். ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஆடப் பழகியவர்கள் நாங்கள். கீழே இறங்கினால் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பது போல இருக்கும். ஆனாலும் முதல் பாதியிலேயே எங்கள் சென்டர் ஃபார்வர்டு ஒரு கோல் போட்டுவிட்டார். இடைவேளையில் எல்லோரும் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு உற்சாகமாகத்தான் இருந்தோம்.

இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடத்தில் ரைட்டரம்மா கோட்டருகே வந்து கையைத் தூக்கினார். சென்டர் ஃபார்வர்டையும் இன்னும் இரண்டு பேரையும் ஒரேயடியாக வெளியே கூப்பிட்டார். டீமின் உயிரே அந்த மூன்று பேர்தான். நான் மறுகோடியில் கோலுக்குள் நின்றிருந்தேன். கடையில் அவர் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேண்டாம் என்று கத்திக்கொண்டு நாலு அடி ஓடினேன். அதற்குள் ரெஃபரி விசில் ஊதிவிட்டார்.

அந்த மூன்று பேருக்கும் லீக் விதி தெரியும். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முட்டியையும் தோள்பட்டையையும் கண்ணாலேயே கண்டுபிடிக்கிறவருக்கு ஏதோ தெரிந்திருக்கும் என்று வெளியே போய்விட்டார்கள். அவர்மேல் எங்களுக்கு இருந்த பிரமிப்பு அன்று எங்கள் வாயை மூடிவிட்டது.

அவருக்குத் தெரிந்திருந்ததும் உண்மைதான். “வேர்த்து ஊத்துனா பயமில்லீங்க, வேர்வை நின்னுபோச்சுன்னாத்தான் ஆபத்து” என்று அவர் எஸ்டேட் ஆட்களிடம் சொல்வாராம். வேர்வை நின்றுபோயிருந்த சென்டர் ஃபார்வர்டு, வெளியே வேப்பமரத்தடிக்குப் போனதும் வாந்தி எடுத்து மயங்கிச் சாய்ந்தார். முதலுதவிக்கு வந்திருந்தவர் ஈரத்துணி சுற்றிவிட்டு, இன்னும் பத்து நிமிடம் ஓடவிட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்று சொன்னார். மைதானத்தில் இருந்த நூறு பேரில் அதைப் பார்த்தது ரைட்டரம்மா ஒருவர்தான்.

ஆனால் மற்ற இருவரையும் அவர் ஓய்வுக்காகத்தான் உட்கார வைத்திருந்தார். எதிர் டீம் ஒரு கோல் போட்டுச் சமன் செய்ததும், ஆட்டம் முடிய இருபது நிமிடம் இருக்கையில், அவர்களைக் கோட்டருகே கொண்டுவந்து நிறுத்தினார். லைன்ஸ்மேன் கையை ஆட்டினார். ரைட்டரம்மா ஏதோ சொன்னார். லைன்ஸ்மேன் தன் கையிலிருந்த விதித்தாளைக் காட்டினார். ரைட்டரம்மா அதைப் படித்தார். பிறகு கோல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியவில்லை. பார்த்தது தெரிந்தது.

கடைசி ஐந்து நிமிடத்தில் ஸ்டாப்பருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மாற்ற ஆள் இல்லை. பத்துப் பேரோடு ஆடினோம். பந்து என் வலது பக்கம் வந்தது. அங்கே நிற்க வேண்டியவர் கோட்டுக்கு வெளியே காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். நான் ஒரு நொடி யோசித்தேன். கோல் விழுந்துவிட்டது. கடைசி இடம் எங்களுக்கு.

மறுநாள் காலை எஸ்டேட் ஆபீசுக்கு முதலாளி எங்களைக் கூப்பிட்டார். “அனுபவம் இல்லாதவங்களை மேனேஜரா போட்டா இப்படித்தானுங்க ஆகும்” என்றார். தன் ரைட்டரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே சொன்னார்.

“ஆமாங்க, தப்பு என்னுதுதானுங்க” என்றார் ரைட்டரம்மா. “ரூலைத் தெரிஞ்சுக்காம எறங்கிட்டேன். யாரையும் கேக்கலீங்க.”

என்னைச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லியிருக்கலாம். சம்பளம் கொடுக்கிற முதலாளி முன்னால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்த ஒரு வாக்கியம் போதும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நடையைப் பார்த்தே ஆளை எடைபோடுகிறவருக்கு நான் எப்படிப்பட்டவன் என்று தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் மூடி மறைக்கிறார். அப்படி ஒரு மனசை நான் அதுவரை பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

“கேட்டாங்க” என்றேன். “என்னைத்தானுங்க கேட்டாங்க. தெரிஞ்சும் நான் சொல்லலீங்க.”

ஜீப் டிரைவர் திரும்பி என்னைப் பார்த்தார். இருபது வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

முதலாளி எழுந்துகொண்டார். “யாரு தப்பா இருந்தா எனக்கென்னங்க. பேசுனது பேசுனதுதான். காப்பிப் பழம் எடுத்து முடியற வரைக்கும் ஆடிக்குங்க. தை பொறந்ததும் ஜல்லி கொட்டிருவேன்.”

வெளியே வந்ததும் எல்லோரும் என்னை விட்டுவிட்டு முன்னால் நடந்தார்கள். நான் படியிலேயே நின்றேன். பின்னால் ரைட்டரம்மா வருவது தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று திரும்பினேன்.

அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். “பாய், ஒரு சந்தேகமுங்க. கீழ்ப் பிரிவுல மொத ரெண்டு எடத்துக்குள்ள வந்தா, ஒரே வருசத்துல திருப்பி மேல ஏறிக்கலாமுங்களா?”

மறுபடியும் என்னிடம்தான் கேட்டார்.